எட்டு வயதுப் பெண்ணுக்கு எந்த நட்கிராக்கர்?

டிசம்பர் 1, இரவு

வந்த கேள்வி இது: "மகளுக்கு எட்டு வயது. முதன்முதலாக நட்கிராக்கர் பாலே காட்டலாம் என்று இருக்கிறோம். நியூயார்க் டிக்கெட் விலையைப் பார்த்தால் ஒரு மாத மளிகைச் செலவு. வீட்டிலேயே பெரிய திரையில் போட்டுக் காட்டினால் போதாதா? போதுமென்றால் எதைப் போடுவது, ரஷ்யாவா, லண்டனா, நியூயார்க்கா? எல்லாம் ஒரே கதைதானே?"

ஒரே கதை இல்லை. கிறிஸ்துமஸ் இரவில் ஒரு பெண்ணுக்குக் கொட்டை உடைக்கிற பொம்மை பரிசாக வருகிறது, அது எலிகளோடு சண்டை போட்டு இளவரசனாகி அவளை அழைத்துப்போகிறது, அதுவரைதான் பொதுவானது. மற்றபடி சைக்கோவ்ஸ்கியின் இசை மட்டும்தான் ஒன்று, அதையும் ஆளாளுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எட்டு வயதுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், நடன அமைப்பாளர் பாலன்சைன் அமைத்ததுதான். நியூயார்க் சிட்டி பாலே 1954லிருந்து ஆடிக்கொண்டிருப்பது. அதில் கதாநாயகி நிஜமாகவே ஒரு சின்னப் பெண். இளவரசனும் சின்னப் பையன். மற்றவர்கள் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ரிப்பன் கட்டிக் குழந்தை என்று ஏமாற்றுகிறார்கள். டிக்கெட் கட்டுப்படியாகாவிட்டால் 1993இல் படமாக எடுத்தது இருக்கிறது, மெக்காலே கல்கின் இளவரசனாக வருவார். அவரும் அந்தக் குழுவின் பாலே பள்ளியில் படித்த பையன்தான். போட்டுக் காட்டுங்கள். தூங்கிவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.

டிசம்பர் 2, காலை

நேற்று ஒருவருக்குத் தொலைபேசியில் இதையே சொல்லும்போது "பெட்டிப்பா அமைத்த மூலத்துக்கு இதுதான் நெருக்கம்" என்று வேறு அடித்துவிட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய பாலேயின் பெரிய நடன அமைப்பாளர் பெட்டிப்பா. ஆனால் இதை அவர் அமைத்தார் என்பது தப்பு, நெருக்கம் என்பதும் முழுசாகச் சரியில்லை. திருத்திக்கொள்கிறேன்.

1892 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் முதலில் ஆடியபோது நடனம் அமைத்தவர் லெவ் இவானோவ். பெட்டிப்பா கதையைப் பிரித்து, எந்த இடத்தில் எத்தனை 'பார்' இசை, அதாவது எத்தனை தாளக் கட்டம், வேண்டும் என்று சைக்கோவ்ஸ்கிக்குத் துல்லியமாக எழுதிக் கொடுத்தார். மரம் வளர்வதற்கு 48 பார் என்கிற ரீதியில். அப்புறம் உடம்பு சரியில்லாமல் ஒதுங்கிவிட்டார், வேலை உதவியாளர் இவானோவ் தலையில் விழுந்தது. மூலத்துக்கு நெருக்கம் என்பதும் பாதிதான் உண்மை. பாலன்சைன் சிறுவனாக அதே மரீன்ஸ்கியில் ஆடியவர், ஞாபகத்திலிருந்து சில இடங்களை அப்படியே கொண்டுவந்தார். மற்றதெல்லாம் அவருடைய சொந்தக் கைச்சரக்கு. முதல் அங்கத்தில் வரும் அந்த உருக்கமான வயலின் தனி வாசிப்புகூட நட்கிராக்கர் இசையே இல்லை, சைக்கோவ்ஸ்கி தன் இன்னொரு பாலேயான ஸ்லீப்பிங் பியூட்டிக்காக எழுதியதை எடுத்து பாலன்சைன் இங்கே சொருகினார். பத்து வருடமாக அது இதிலேயே இருப்பதாக நினைத்துக் கண்கலங்கிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 2, மாலை

பெயர்க் குழப்பத்துக்கு ஒரே ஒரு தடவை விளக்கம். ஹாஃப்மன் 1816இல் எழுதிய கதையில் பெண் பெயர் மரீ, அவளுடைய பொம்மை பெயர் கிளாரா. 1892இல் பெண்ணையே கிளாரா ஆக்கிவிட்டார்கள். சோவியத் காலத்தில் மாஷா. பாலன்சைன் மறுபடி மரீ. லண்டனில் கிளாரா. எல்லாம் ஒரே பெண்தான்.

டிசம்பர் 3

என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த வருடம் நியூயார்க் சிட்டி பாலே ஆடும் லிங்கன் சென்டருக்கு அழைத்துப் போனேன். பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கொட்டை உடைக்கிற கருவி, பொம்மை மாதிரி செய்திருப்பார்கள், வாயில் வைத்து அழுத்தினால் உடையும் என்றேன். "பாக்குவெட்டின்னு சொல்லேன்மா." அதோடு முடிந்தது. எலிகளோடு சண்டை நடக்கும்போது பக்கத்து இருக்கைக்கும் கேட்கிற மாதிரி, "பாக்குவெட்டி ஜெயிச்சுடுவானா?"

இரண்டாம் அங்கத்தில் இனிப்பு ராஜ்ஜியத்தை ஆளும் சுகர் ப்ளம் தேவதை வந்ததும் ப்ளம் பழமா என்றார். எனக்கும் அன்றுவரை பழம் என்றுதான் நினைப்பு. வீட்டுக்கு வந்து தேடினால், பழமே இல்லை. விதையையோ பருப்பையோ நடுவில் வைத்துச் சர்க்கரைப் பாகை ஏட்டுக்கு மேல் ஏடாகப் படியவிட்டு உருட்டிய மிட்டாய்க்குத்தான் அந்தக் காலத்தில் அந்தப் பெயர். ரஷ்ய மொழியிலும் அவள் திராஜே தேவதைதான், அதுவும் அதே வகை மிட்டாய். "சீரக மிட்டாய்!" என்றார் மாமியார். ஆமாம். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பாலே பாத்திரங்களில் ஒன்றின் பெயர் சீரக மிட்டாய்த் தேவதை. நான் இனி அப்படித்தான் எழுதப்போகிறேன்.

டிசம்பர் 4, நள்ளிரவு தாண்டி

ஏமாற்று என்று எழுதியது உறுத்துகிறது. தூக்கம் வரவில்லை, நீளமாக எழுதுகிறேன்.

எந்த நட்கிராக்கரானாலும் ஒரே இடத்தில்தான் தலையெழுத்து தீர்மானமாகிறது. கடைசியில் வரும் பெரிய ஜோடி நடனத்தின் நிதானமான பகுதி. ஹார்ப் அலையலையாக மீட்ட, செல்லோக்கள் ஒரு மெட்டைத் தொடங்கும். அந்த மெட்டு என்ன? ஒன்றுமே இல்லை, ஒரு மேஜர் ஸ்கேல், மேலிருந்து கீழே. சங்கராபரண அவரோகணம். ஸ நி த ப ம க ரி ஸ, அவ்வளவுதான். பாட்டு வகுப்பில் ஏழு வயதுக் குழந்தை கைத்தாளம் போட்டுப் பாடுவது. அதை வைத்துக்கொண்டு சைக்கோவ்ஸ்கி நெஞ்சைப் பிழிகிறார். முதல் அங்கத்தில் மரம் வளரும் இசை படிப்படியாக ஏறிக்கொண்டே போகும், இங்கே இறங்கிக்கொண்டே வரும். இதை எழுதிய 1891இல் அவருடைய தங்கை சாஷா இறந்துபோனார். சைக்கோவ்ஸ்கி கார்னகி ஹால் திறப்புக்காக நியூயார்க் கப்பல் ஏறும் முன் பாரிஸில் இருந்தபோது செய்தி தெரிந்தது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் போடவில்லை, ஆனால் கேட்கும்போது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

இப்போது கேள்வி: இந்த அவரோகணம் யாருக்கு?

1892இல் சீரக மிட்டாய்த் தேவதைக்கும் அவள் துணைவனுக்கும். அதாவது கதைக்கு இம்மியும் சம்பந்தமில்லாத இரண்டு பேருக்கு. கிளாராவாக ஆடியது நாடகப் பள்ளி மாணவி, அவள் உட்கார்ந்து பார்ப்பாள். இத்தாலியிலிருந்து வந்த அந்தோனியெத்தா தெல்லேரா தேவதையாக ஆடினார். நட்சத்திர நடனமணி இரண்டாம் அங்கம்வரை தலைகாட்டவே இல்லை என்று அப்போதே விமர்சகர்கள் புலம்பியிருக்கிறார்கள்.

பாலன்சைன் இதை அப்படியே வைத்துக்கொண்டார். அவருடைய மேடையில் மரீயும் குட்டி இளவரசனும் பின்னால் ஆசனத்தில் பலகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இரண்டு பெரியவர்கள் ஆடுகிறார்கள். ஒரு இடத்தில் தேவதை ஒற்றைக்கால் நுனியில், மறுகாலைப் பின்னால் நீட்டியபடி அசையாமல் நிற்க, அவள் துணைவன் கையைப் பிடித்து இழுக்க, அவள் பனிக்கட்டி மேல் வழுக்குவதுபோல் மேடையில் நகர்ந்து போவாள். காலடியில் சின்னத் தகடு இருக்கிறது, அது தரையில் ஓடுகிறது. ரகசியம் தெரிந்த பிறகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நிற்கிறது.

சோவியத் வழி வேறு. 1919இலேயே கோர்ஸ்கி மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் அந்த நடனத்தைத் தேவதையிடமிருந்து பிடுங்கிக் கதாநாயகியிடம் கொடுத்துவிட்டார். 1934இல் லெனின்கிராடில் வைனோனென் தன் மாஷாவுக்குக் கொடுத்தார், இளவரசனோடு இன்னும் நான்கு ஆண்களையும் சுற்றி நிறுத்தி. 1966இல் கிரிகோரோவிச் போல்ஷோயில் அமைத்ததில் இனிப்பு ராஜ்ஜியமே கிடையாது, மிட்டாயும் கிடையாது, தேவதையும் கிடையாது. மரீ அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தில் ஏறிக்கொண்டே போகிறாள், உச்சியில் கல்யாணம். அவரோகணம் அவளுடையது. மக்சிமோவாவும் வசீலியெவும் முதலில் ஆடினார்கள். கல்யாணம் முடிகிற நேரத்தில் விழிப்பு வந்துவிடும், மரத்தடியில் பொம்மையோடு இருப்பாள்.

இதைத்தான் நான் ஏமாற்று என்றேன். இல்லை. அந்த இசை குழந்தைக்குரியது இல்லை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதைப் பார்வையாளராக உட்கார்ந்து கேட்டால் போதாது, அவளே அதற்குள் போக வேண்டும். அதற்குப் பெரியவள் ஆக வேண்டும். நியாயம்தானே.

டிசம்பர் 5

நியாயம்தான், ஆனாலும் எட்டு வயதுக்குப் பாலன்சைன்தான்.

டிசம்பர் 8

லண்டன் ராயல் பாலே ஒளிபரப்பைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வருகிறேன். பீட்டர் ரைட் 1984இல் அமைத்தது, அப்புறம் அவரே பலமுறை கைவைத்தது. இதில் இரண்டு பக்கமும் சமாதானம் செய்திருக்கிறார். அவரோகணம் தேவதைக்கே. ஆனால் கிளாரா சும்மா உட்காரவில்லை, நாட்டுக்கொரு நடனம் வரும் வரிசையில் தானும் புகுந்து ஆடுகிறாள். கிளாராவுக்கு அந்தப் பொம்மையைக் கொண்டுவந்து தரும் டிராசல்மயரின் மருமகன் ஹான்ஸ் பீட்டர்தான் பொம்மைக்குள் சிறைப்பட்டவன். கடைசியில் தெருவில் அவனும் கிளாராவும் எதிரெதிரே வருகிறார்கள், எங்கோ பார்த்த முகம் என்பதுபோல் ஒரு கணம் நிற்கிறார்கள். பிறகு அவன் மாமாவின் பட்டறைக்கு ஓடுகிறான். எனக்குத் தெரிந்த நட்கிராக்கர் முடிவுகளில் இதற்கு மட்டும்தான் ஒரு கதையின் முடிவு என்று சொல்லும் தகுதி இருக்கிறது.

இன்னொன்று கவனித்தேன், இத்தனை வருடம் ஏன் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை. எலிச் சண்டை முடிந்து பனிக்காட்டுக்குப் போகும் முன் ஒரு பிரமாண்டமான இசை வரும், எழும்பி எழும்பி அரங்கத்தையே நிரப்பும். லண்டனிலும் மாஸ்கோவிலும் அதற்கு ஜோடி நடனம், தூக்கிப் பிடித்துச் சுழற்றிக் காதல் பெருகுகிறது. பாலன்சைனில்? ஒரு கட்டில் ஓடுகிறது. ஆமாம், கட்டில். மரீ அதில் படுத்திருக்கிறாள், வெள்ளைக் கட்டில் இருட்டு மேடையில் தானாக நகர்ந்து வளைந்து காட்டுக்குள் போகிறது. இசை வானத்தைப் பிளக்கிறது, யாரும் ஒரு அடிகூட ஆடவில்லை. ஒரு நடன அமைப்பாளர் நடனமே வேண்டாம் என்று முடிவெடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! குழந்தைக்குக் காதலைவிடக் கட்டில் பறப்பதுதான் பெரிது என்று தெரிந்தவர்.

டிசம்பர் 9

மாமியாரிடம் தொலைபேசியில் கட்டில் விஷயத்தைச் சொன்னேன். "நான் அன்னிக்கே பார்த்தேன். கீழே ஆள் இருக்கும்."

டிசம்பர் 14

பனி பற்றி எழுதாமல் முடியாது.

என் மகள் எட்டு வயதில் ஊர் நடனப் பள்ளி ஒன்றின் நட்கிராக்கரில் எலியாக ஆடினாள். அமெரிக்காவில் தடுக்கி விழுந்தால் ஒரு நட்கிராக்கர். இதில் வரும் டிக்கெட் காசில்தான் பல குழுக்களுக்கு வருடச் செலவே ஓடுகிறது. பெற்றோர் மேடைக்குப் பின்னால் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. எனக்குக் கிடைத்தது பனி. காகிதத்தில் வெட்டிய துண்டுகள், மேலே நீளமான துணித் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், கயிற்றை இழுத்து ஆட்டினால் ஓட்டைகள் வழியாகக் கொட்டும். பனி நடனம் முடிந்து இடைவேளை விட்டதும் பெரிய துடைப்பத்தோடு நாங்கள் நான்கு பேர் கூட்டி அள்ளுவோம். அடுத்த காட்சிக்கு அதே பனிதான், புதிது வாங்கக் காசில்லை. அள்ளியதில் ஹேர்பின், கவுனிலிருந்து உதிர்ந்த ஜிகினா, ஒரு முறை யாருடையதோ கம்மல், இன்னொரு முறை ஒரு பால்பல். முழங்காலிட்டு உட்கார்ந்து பனிக்குள் கைவிட்டுத் தேடித் தேடி எடுப்போம், இல்லாவிட்டால் அடுத்த காட்சியில் யார் தலையிலாவது ஹேர்பின் மழை. முதல் நாள் கயிறு இழுத்தவர் பதற்றத்தில் மொத்தத்தையும் ஒரே இழுப்பில் கொட்டிவிட்டார். ஒரு பெண் சரியாகக் குவியலின் மேல் கால்வைத்துப் பொத்தென்று விழுந்தாள். எழுந்தாள், ஆடினாள், சிரித்துக்கொண்டேதான். உள்ளே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். வாயிலிருந்து காகிதத்தைத் துப்பிவிட்டு.

அந்த வருடத்துக்குப் பிறகு எந்தப் பெரிய குழுவின் பனி நடனத்தைப் பார்த்தாலும் நான் பார்ப்பது கால்களைத்தான். அலெக்ஸி ரட்மான்ஸ்கி 2010இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்கு அமைத்ததில் பனி ஆரம்பத்தில் அழகாகத்தான் இருக்கும். போகப்போக அது குழந்தைகளைச் சூழ்ந்து மிரட்டும், உறைந்து செத்துவிடுவார்களோ என்று பயம் வரும். வார்த்தையில்லாமல் ஒரு குழந்தைகள் குரல் கூட்டம் பாடும் இசைக்கு இப்படியொரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. மார்க் மாரிஸ் 1991இல் பிரஸ்ஸல்ஸில் அமைத்த நட்கிராக்கரான தி ஹார்ட் நட் இதற்கு நேர் எதிர். ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி பாலே பாவாடை கட்டிக்கொண்டு, கைநிறையப் பனியை வைத்துத் தாளத்துக்கு விசிறுவார்கள். முதல் விசிறலில் சிரிப்பு வரும். ஐந்தாவது விசிறலில் தொண்டை அடைக்கும். கூட்டுகிறவர்களை நினைத்தும்தான்.

டிசம்பர் 16

நடனக் கலைஞர் பரிஷ்னிகோவ் அமைத்ததை விட்டுவிட்டீர்களே என்று ஒரு குட்டு. 1977இல் தொலைக்காட்சிக்கு எடுத்தது, கெல்சி கிர்க்லண்ட் கிளாராவாக. அதில் தேவதை இல்லை, அவரோகணம் மூன்று பேருக்கு! காதலர் இருவர், நடுவில் டிராசல்மயர் வந்து வந்து பிரிக்கிறார். கனவு முடியப்போகிறது, கிளம்பு என்பதுபோல். ஸ்வரம் ஒவ்வொன்றாக இறங்க இறங்க அவளை ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போகிறார். சொல்லிச் சொல்லி மாளாது, பாருங்கள். எட்டு வயதுக்கு வேண்டாம், பதினைந்துக்குக் காட்டலாம்.

இன்னொரு நடனக் கலைஞர் நூரியெவ் தன் தயாரிப்பில் டிராசல்மயரையும் இளவரசனையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தார். மனோதத்துவம். எனக்கு ஒட்டவில்லை.

டிசம்பர் 19

நாட்டுக்கொரு நடனம் வரும் பகுதி எந்தத் தயாரிப்பிலும் சங்கடமானதுதான், ஸ்பெயின் என்றால் விசிறி, அரபு என்றால் இடுப்பு. வேடிக்கை என்னவென்றால் அந்த அரபு நடன மெட்டு ஜார்ஜிய நாட்டுத் தாலாட்டு. பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு! பாலன்சைன் 1954இல் அதை ஒரு ஆணுக்கு, ஹுக்காவோடு அமைத்திருந்தார். 1964இல் புது அரங்குக்கு மாறிய சமயத்தில் மயக்கும் பெண் நடனமாக மாற்றினார். குழந்தைகளோடு வரும் அப்பாக்கள் விழித்திருக்கவேண்டும் என்பதற்காக என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சீனத் தேநீர் நடனம்தான் நிஜப் பிரச்சினை. தொங்கு மீசை, ஆட்காட்டி விரலை மேலே தூக்கித் தலையை ஆட்டுவது. 2017இல் நியூயார்க் குழு ஒப்பனையையும் அசைவையும் திருத்திக்கொண்டது. சியாட்டிலில் பசிபிக் நார்த்வெஸ்ட் குழு 2021இல் அந்த வேஷத்தையே எடுத்துவிட்டு ஒரு பச்சைத் தேயிலைச் சிள்வண்டை ஆடவிட்டது. மரபு போச்சே என்று அழுதவர்களுக்கு ஒரு தகவல்: 1892இல் கடைசிக் காட்சியே ஒரு பிரமாண்டமான தேன்கூடு, சுற்றிப் பறக்கும் தேனீக்கள். பூச்சி ஒன்றும் நட்கிராக்கருக்குப் புதிதில்லை.

டிசம்பர் 28

நேற்று மகளோடு மறுபடி லிங்கன் சென்டர். நான்காம் மாடி, மேடையில் ஆட்கள் விரல் அளவு. எலியாக ஆடியவளுக்கு இப்போது பதினாறு, கைபேசியை அணைக்கச் சொன்னதற்கே முகம் தூக்கினாள். மரம் வளர்ந்தது. 12 அடியிலிருந்து 41 அடிக்கு, ஒரு டன் எடை. அரங்கமே வாய்பிளந்தது, அவளும்தான், நான் பக்கவாட்டில் பார்த்தேன்.

ஆனால் இந்தத் தடவை என்னை அடித்தது வேறு இடம். இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் குட்டி இளவரசன் நடந்ததை எல்லாம் தேவதைக்குச் சொல்லிக்காட்டுகிறான், வாய் திறக்காமல், கையாலும் முகத்தாலும். தூங்கிக்கொண்டிருந்தேன், எலிகள் வந்தன, சண்டை போட்டேன், இவள் செருப்பைக் கழற்றி எறிந்தாள், எலி ராஜாவைக் குத்தினேன். இது அபிநயம், அப்பட்டமான அபிநயம். பரதநாட்டியம் ஏழு வருடம் படித்தும் முந்தைய தடவைகளில் எனக்கு இது நடனத்துக்கு நடுவில் வரும் இடைவெளியாகத்தான் தோன்றியது. பீட்டர்ஸ்பர்க்கில் சிறுவனாகத் தானே செய்ததை ஞாபகம் வைத்திருந்து பாலன்சைன் இங்கே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் அடுத்தவர்களுக்கு. கையிலிருந்து கைக்கு, நம் பதங்கள் வந்தது போலவே. பையனுக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும், செருப்பு எறிகிற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே வீசினான், முன் வரிசையில் சிரிப்பு கேட்டது.

இதைப் பெரிய ஆள் செய்தால்? லண்டனில் ஹான்ஸ் பீட்டர் செய்கிறான், பிரமாதமாகவே செய்கிறான். ஆனால் அது கதை சொல்வது. இது, பள்ளிவிட்டு ஓடிவந்து மூச்சு வாங்க அம்மாவிடம் சொல்வது.

அப்புறம் அவரோகணம் தொடங்கியது. தேவதை வழுக்கிப் போனாள். நான் பின்னால் ஆசனத்தைப் பார்த்தேன். அந்தக் குழந்தைகள் இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தினமும் பார்ப்பதுதான். மரீ லேசாக முன்னால் சாய்ந்திருந்தாள். 4ஆம் தேதி எழுதியதை மறுபடி மாற்றவா என்று யோசிக்கிறேன்.

டிசம்பர் 29

மாற்றவில்லை. போல்ஷோயின் 1989 பதிவை ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன், அர்ஹிப்போவாவும் முக்கமெதொவும் ஆடியது. உச்சியில் கல்யாண மெழுகுவத்திகளுக்கு நடுவில் அவளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு நியூயார்க் ஞாபகமே வரவில்லை. மாஸ்கோவில் இதை டிசம்பர் 31 அன்று ஆடுவார்கள். அங்கே மரம் புத்தாண்டு மரம்.

ஜனவரி 6

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 1993 படத்தைப் போட்டார்களாம். மகள் தூங்கவில்லை. அவரோகணம் வந்தபோது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பிடித்தது எது என்று கேட்டதற்கு, பெரிய பாவாடைக்காரி இருக்கிறாளே, பாவாடைக்குள்ளிருந்து எட்டுக் குழந்தைகள் ஓடிவருவார்களே, மதர் ஜிஞ்சர், அவள்தானாம். உள்ளே இருட்டாக இருக்குமா, எட்டுப் பேரும் எப்படி மூச்சுவிடுவார்கள், யாராவது தும்மினால் என்ன ஆகும் என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்கிறார்.

என் மகளிடம் கேட்டேன், பாவாடைக்குள் ஆடிய சிநேகிதிகள் அவளுக்கு உண்டு. "இருட்டுதான். டால்கம் பவுடர் வாசனை. தும்மினா உள்ளேயே கிள்ளிடுவாங்க."

சொல்லிவிட்டேன்.